ஓவனில் நிற்காத தீ

எங்கள் வேனில் இருந்த கேஸ் ஓவன் போன வருடம் திடீரென்று மக்கர் பண்ண ஆரம்பித்தது. திருகை அழுத்திப் பிடித்துக்கொண்டு லைட்டரை நீட்டினால் குப்பென்று பற்றும். நீலமாக, ஒழுங்காக எரியும். அழுத்திய கையை எடுத்த மறுநொடி டப்பென்று அணைந்துவிடும். மறுபடி அழுத்தினால் எரியும், எடுத்தால் அணையும். என் வீட்டுக்காரர் அதோடு மல்லுக்கட்டி எரிச்சல்பட்டார். எனக்குப் பயம்தான் வந்தது. ஒவ்வொரு தடவை அணையும்போதும் கொஞ்சம் கேஸ் எரியாமல் உள்ளே மிஞ்சுமே, அது எங்கே போகும் என்று யோசித்துக்கொண்டே இருப்பேன்.

மற்றபடி நான் பயந்தாங்கொள்ளி இல்லை. அவர் மாதக்கணக்கில் வெளியூரில் இருந்த காலத்தில் இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகத்தான் குடும்பம் நடத்தினேன். வீட்டுக்குள் வந்த பாம்பை விரட்டியிருக்கிறேன், குடித்துவிட்டு வாசலில் வந்து நின்றவனையும் விரட்டியிருக்கிறேன். கேஸ் விஷயத்தில் மட்டும் என் தைரியமெல்லாம் எங்கேயோ ஓடிவிடும். படுத்த பிறகு எழுந்துபோய் அடுப்புத் திருகைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன். பிள்ளைகள் கேலி பண்ணுவார்கள். பண்ணட்டும் என்று விட்டுவிடுவேன்.

வேன் என்று சொல்கிறேனே தவிர, அது பாதி வீடு. ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிக்கு டிரைவராக என் வீட்டுக்காரர் வடக்கே பல வருடம் சுற்றியவர். திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் சனத்தில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. ரிக்கோடு போகிறவர்களுக்கு வண்டிதான் வீடு. அதிலேயே சமைத்து, அதன் அடியிலேயே படுத்து எழுவார்கள். அந்த வேலையை விட்டு வந்ததும் ஒரு பழைய சின்ன லாரியை வாங்கி, நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு பக்கம் தூக்குகிற ஷட்டர், உள்ளே ஓவன், தொட்டி, பின்னால் மதியம் படுக்க ஒரு மடக்குக் கட்டில். தம்மம்பட்டிப் பக்கம் திருவிழா என்றால் வேனை ஓட்டிக்கொண்டு போய், அங்கேயே ராத்தங்கி வியாபாரம் பார்த்துவிட்டு வருவோம். மற்ற நாட்களில் கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலை ரோடு ஏறத் தொடங்குகிற இடத்தில் வேன் நிற்கும். ஏற்காட்டுக்குப் போகிறவர்களும் இறங்கி வருகிறவர்களும் எங்கள் பப்ஸுக்கும் தேங்காய் பன்னுக்கும் நிறுத்துவார்கள்.

பட்டறைக்காரர் அவருக்குச் சிநேகிதர். லாரிக்குக் கட்டுகிற மாதிரியே உறுதியாகக் கட்டிக்கொடுத்தார். தூசி வரக்கூடாது என்று சந்து பொந்தெல்லாம் ரப்பர் வைத்து அடைத்திருந்தார். "எறும்புகூட உள்ள பூராதுங்க அக்கா" என்று தகரத்தைத் தட்டிக் காட்டினார். எனக்கும் அன்றைக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். என் வீட்டுக்காரருக்கு மூக்கு வேலை செய்யாது. கொரோனா வந்தபோது காய்ச்சலோடு வாசனையும் போயிற்று. காய்ச்சல் விட்டது, வாசனை திரும்பவில்லை. ஒரு வருடம் கழித்து, "வந்துருச்சு புள்ள, இப்பெல்லாம் நல்லாத் தெரியுது" என்று ஒருநாள் அவராகவே சொன்னார். நானும் சந்தோஷப்பட்டேன். அப்புறம் ஒருநாள் பால் திரிந்து நாறிக்கொண்டிருந்த டம்ளரை எடுத்துக் குடிக்கப் போனார். நான் பிடுங்கி ஊற்றினேன். "நெனப்பு வேற எங்கியோ இருந்துருச்சு" என்றார். சண்டை வேண்டாம் என்று விட்டேன். ஆனால் அன்று முதல் நான் அவரை நம்பவில்லை. வேனில் எந்நேரமும் கேஸோடு இருக்கிற மனுஷன் அவர்தான். மாவு பிசைந்து, மடித்து, தட்டில் அடுக்கி ஸ்கூட்டியில் கொண்டுவருவது என் வேலை. முன்னாடியே போய் ஓவனைச் சூடேற்றி வைப்பது அவர் வேலை. நான் போய்ச் சேருகிற வரைக்கும் அந்த அடைத்த பெட்டிக்குள் மூக்கு என்று ஒன்று கிடையாது.

ஓவனில் தீ இப்படி அணைந்துகொண்டே இருந்ததும் அவர் தனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தார். சிலிண்டரை மாற்றினார், ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டினார். பர்னர் ஓட்டைகளைக் கம்பி விட்டுக் குத்தினார். டியூப் முழுக்க சோப்புத் தண்ணீர் தடவி நுரை வருகிறதா என்று உற்று உற்றுப் பார்த்தார். எதிலும் குறை இல்லை. திருகிலிருந்து கை எடுத்தால் மட்டும் தீ போய்விடும்.

சேலத்தில் ஓட்டல் அடுப்பு ரிப்பேர் பார்க்கிற ஒருவருக்கு நான்தான் போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்து, என் வீட்டுக்காரரும் கேட்கட்டும் என்று பக்கத்தில் உட்காரவைத்தேன்.

"உள்ள தீ படற எடத்துல சின்னதா ஒரு கம்பி நீட்டிட்டு இருக்கும் பாருங்க" என்றார் ரிப்பேர்காரர். "தீ எரிஞ்சா அது சூடாயிக் கேஸைத் தொறந்தே வெச்சிருக்கும். தீ நின்னா ஆறிப்போயிக் கேஸை மூடிரும். அது போயிருச்சுங்க. எரியறது அதுக்குத் தெரியல, அதான் மூடிக்குது. மாத்தோணும். இப்ப முகூர்த்த நேரமுங்க, கல்யாண மண்டபத்துல வேலை கெடக்குது. முடிச்சுப்போட்டு வாரேன். அது வரைக்கும் அதை நோண்டாதீங்க."

போனை வைத்ததும், "இவ்வளவுதானா?" என்றார் என் வீட்டுக்காரர். அந்தக் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் நான் தட்டுகளோடு போனபோது ஓவன் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். கிட்டே போய்ப் பார்த்தால், திருகின்மேல் ஒரு மரத்துண்டு. அதைச் சுற்றி லாரி டியூபில் வெட்டிய ரப்பர் பட்டை. திருகு எந்நேரமும் அழுந்தியே இருக்கும்படி இழுத்துக் கட்டியிருந்தார்.

"என்னுங்க இது?"

"டைரக்ட் பண்ணிட்டன்."

லாரிக்காரர்கள் வாயில் இந்த வார்த்தை சதா இருக்கும். வண்டியில் எந்தச் சுவிட்ச், எந்த சென்சார் தொந்தரவு கொடுத்தாலும் அதை நடுவிலிருந்து தூக்கிவிட்டு, இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கி ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். அதை ஒரு கெட்டிக்காரத்தனமாகவே சொல்வார்கள்.

"நாக்பூர் தாண்டிக் காட்டுக்குள்ள சுவிட்ச் போயிருச்சுன்னா மெக்கானிக் வரட்டும்னு உக்காந்து அழுவமா? டைரக்ட் பண்ணிட்டு ஊடு வந்து சேருவம்" என்றார்.

"லாரிக்குச் சரிங்க. இது கேஸுங்க. தீ நின்னாக் கேஸை நிறுத்தறதுக்குத்தான் அந்தக் கம்பின்னு அவரு சொன்னாருல்ல? அதைக் கட்டிப்போட்டுட்டா வேற யாருங்க நிறுத்துவாங்க?"

"நாந்தான் பக்கத்துலயே நிக்கறனே."

"நின்னா? தீ அணைஞ்சு போனா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கேட்ட பிறகுதான் நான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது. அவர் முகம் சுருங்கிவிட்டது. "எனக்கு மூக்கு இல்லைங்கறயா?" என்றார். அவராகவே கத்தியை எடுத்து ரப்பரை அறுத்தார். மரத்துண்டை வெளியே வீசினார். அன்றைக்கு நான் ஓவன் பக்கத்தில் உட்கார்ந்து திருகை மாற்றி மாற்றிக் கையால் அழுத்திக்கொண்டே பப்ஸ் சுட்டேன். கட்டைவிரல் வீங்கிப்போனது. இனிமேல் அவர் அதைக் கட்டமாட்டார் என்று நான் நினைத்தேன்.

அடுத்த சில நாள் நான் வேனுக்குச் சீக்கிரமே போய்க்கொண்டிருந்தேன். ஸ்கூட்டியில் வரும்போதெல்லாம் நான் இதுவரை கேட்காத ஒரு சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டே வருவேன். ரோட்டில் எங்கேயாவது டயர் வெடித்தால் வண்டியை நிறுத்திவிட்டு வேன் நிற்கிற பக்கம் பார்ப்பேன்.

அந்த நாள் சனிக்கிழமை. மலைக்குப் போகிற கூட்டம் அதிகம் இருக்கும் என்று மாவு கூடுதலாகப் பிசைந்ததில் எனக்கு நேரமாகிவிட்டது. சாயங்கால வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வேன் ஷட்டர் இன்னும் திறக்கவில்லை. அதில் ஆச்சரியம் இல்லை. கற்பூரம் காட்டாமல் அவர் ஷட்டரைத் தூக்கமாட்டார். வண்டி எடுக்கும் முன் சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டுவது டிரைவர்களின் பழக்கம், அது அவரை விட்டுப் போகவில்லை. காட்டுகிற கற்பூரம் காற்றில் அணைந்துவிட்டால் சகுனம் சரியில்லை என்று மனசு கெட்டுப்போவார். மலையிலிருந்து இறங்குகிற காற்றுக்குப் பயந்து ஷட்டர், கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் இறுக மூடிக்கொண்டுதான் பூஜை நடக்கும்.

தட்டுகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்கதவை இழுத்தேன். முகத்தில் அறைந்தது அந்த நாற்றம். அழுகிய முட்டைக்கோசு மாதிரி, தொண்டையைக் கவ்வுகிற நாற்றம். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் குத்த வைத்து உட்கார்ந்திருந்தார். இடது கையில் தட்டு, தட்டில் கற்பூரம். வலது கையில் தீப்பெட்டி. பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை எடுத்துக்கொண்டிருந்தார். ஓவன் கண்ணாடிக்குப் பின்னால் இருட்டாக இருந்தது. திருகில் புது மரத்துண்டு, புது ரப்பர்; தீ எப்போதோ அணைந்து, கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது.

நான் கத்தினேன் என்றுதான் இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் சத்தம் வந்திருக்க முடியாது, ஏனென்றால் அவர் திரும்பவே இல்லை. தட்டுகளை அப்படியே போட்டுவிட்டுப் பாய்ந்து, அவர் கையில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். தீப்பெட்டி பறந்துபோய்க் குச்சிகள் எல்லாம் சிதறின. கற்பூரம் உருண்டது.

திரும்பியவர் முகத்தில் அவ்வளவு கோபத்தை நான் பார்த்ததில்லை. "பைத்தியமா புடிச்சிருக்குது? சாமிக்கு முன்னால கையை ஓங்கற?"

"கேஸுங்க" என்றேன்.

அவர் அப்படியே உட்கார்ந்தபடி மூச்சை இழுத்தார். ஒருமுறை இல்லை, நன்றாக நெஞ்சு விரிய, திரும்பத் திரும்ப இழுத்தார். எனக்குக் கண் எரிந்து தண்ணீர் வழிகிற அந்த நாற்றத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, பச்சைப்பிள்ளை போல என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஒன்னும் வல்லியே புள்ள."

தீப்பெட்டியைப் பார்த்தபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை. அந்த வார்த்தையைக் கேட்டபோதுதான் பயந்தேன்.

என் முகத்தைப் பார்த்து அவருக்கு ஏதோ புரிந்தது. "சரி, இரு, ஃபேனைப் போட்டுடறன், கேஸு வெளிய போயிரும்" என்று எழுந்து சுவிட்சுக்குக் கையை நீட்டினார். சுவிட்ச் போடும்போது உள்ளே ஒரு சின்னப் பொறி பறக்கும் என்று சிலிண்டர் கொண்டுவருகிறவர் எப்போதோ சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. யோசிக்க நேரமில்லை. நீட்டிய கையைப் பிடித்துக் கடித்துவிட்டேன். அவர் "ஐயோ" என்று கையை இழுத்துக்கொண்டார். சட்டையைப் பிடித்து, கழுத்துப் பட்டன் தெறிக்க, பின்கதவு வழியாக இழுத்துக்கொண்டு குதித்தேன். இருவரும் ரோட்டோரப் புழுதியில் விழுந்தோம்.

சிலிண்டர் வெளியே தனிப் பெட்டியில் இருந்தது. அதன் வால்வை நான்தான் மூடினேன். கை வழுக்கி வழுக்கிப் போனது. ஷட்டரை வெளியே இருந்தே தூக்கிவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்து நின்றது. ஒருவர் கண்ணாடியை இறக்கி, "பப்ஸ் சூடா இருக்குங்களா?" என்றார்.

"இல்லீங்க, போங்க! வண்டியை எடுங்க!" என்று நான் கத்தின கத்தலில் அவர் பயந்துபோய்க் கிளம்பிவிட்டார். என்ன நினைத்திருப்பாரோ, அந்தப் பக்கம் அவர் மறுபடி வந்து நான் பார்க்கவில்லை.

ரோட்டைத் தாண்டி வெகுதூரம் தள்ளி ஒரு மூடிய கடைப் படியில் போய் உட்கார்ந்தோம். வேன் வாயைத் திறந்துகொண்டு சும்மா நின்றது. தட்டிலிருந்து விழுந்த பப்ஸ் மாவைக் காக்கை கொத்தத் தொடங்கியது. அதைத் துரத்தக்கூட எங்களுக்குத் தெம்பு இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் என் பக்கம் திரும்பினார். கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. நான் கடித்த கையை மறு கையால் பிடித்துக்கொண்டே பேசினார்.

"எனக்கு எதுவுமே வரதில்ல புள்ள. வந்துருச்சுன்னது பொய்யி. காப்பி சுடுதண்ணி மாதிரிதான் இருக்குது. பப்சு வெந்துருச்சான்னு நெறத்தைப் பாத்துத்தான் எடுக்கறன். வாரவங்க 'வாசம் ஆளைத் தூக்குது'ங்கறாங்க, நானும் சிரிச்சுக்கறன்."

"எங்கிட்டச் சொன்னா என்னங்க?"

"சொன்னா வேனுக்குள்ள உடுவியா?"

விட்டிருக்கமாட்டேன். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். லாரியும் ரிக்கும் போன பிறகு அவருக்கென்று இருப்பது அந்த வேன்தான். வீட்டில் நாற்காலியில் உட்காரவைத்தால் அரை நாளில் பொசுங்கிப்போவார். அவர் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. திட்டத்தான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. ஒரு குச்சி, ஒரே ஒரு உரசல். நான் அந்த மாவை இன்னொரு தடவை மடித்துவிட்டு வரலாம் என்று வீட்டில் நின்றிருந்தால் இந்த மனுஷன் இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கமாட்டார். அதை நினைத்து நினைத்து அழுதேன். அவர் என் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

ரிப்பேர்காரர் வந்து பார்த்தார். பழைய கம்பியைக் கழற்றிப் புதியதை மாட்டினார். தீ படும் இடத்துக்கு நேராக அது நிற்கவேண்டும் என்று வளைத்துச் சரிபண்ணினார். திருகை விட்டார், தீ அணையாமல் எரிந்தது. தீயை ஊதி அணைத்தார், கொஞ்ச நேரத்தில் உள்ளே 'டக்'கென்று கேஸ் தானே மூடிக்கொண்டது. அந்த டக் சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும் போல இருந்தது எனக்கு. கேஸ் புகையைப் போல மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையில் தேங்கும், இந்தப் பெட்டியில் அது வடிய வழியே இல்லை என்றும் அவர் சொன்னார். வேனை நாமக்கல்லுக்கு ஓட்டிப்போய்த் தரையில் ஓட்டை போடச் சொன்னோம். பட்டறைக்காரருக்கு மனசே இல்லை. "தூசி பூந்துரும்ங்களே" என்று புலம்பினார். "பூந்தாப் பூரட்டும்" என்று நான் நின்று போடவைத்தேன். கேஸ் கசிந்தால் கத்துகிற ஒரு கருவியையும் வாங்கித் தரையோரமாக மாட்டினோம். கற்பூரம் இப்போதெல்லாம் வேனுக்கு வெளியே, ரோட்டில் நின்றுதான். காற்றில் அணைந்தால் இன்னொன்று ஏற்றிக்கொள்கிறார்.

ஆனால் அந்தக் கருவியின் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. அது ஊதுபத்திக்கும் கத்தும், மசாலா வதக்கினாலும் கத்தும், ஒருநாள் சும்மாவே கத்தியது. மிஷின் என்றால் ஒருநாள் போய்விடும் என்பது அவர் கட்சி. நான் ஏறி, குனிந்து, மோந்து பார்த்து, தலையாட்டிய பிறகுதான் லைட்டரை எடுப்பார். நான் வராமல் வேன் கதவைக்கூடத் திறக்கமாட்டார். வெயிலில் வெளியே நின்றுகொண்டிருப்பார்.

இந்த ஐப்பசியில் நாலு நாள் மழை விடாமல் பெய்தது. நனைந்ததில் எனக்கு நல்ல சளி. தலை கனத்து, மூக்கு அடைத்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். மழை விட்ட அன்று சனிக்கிழமை. மலைக்குக் கார்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. தட்டுத் தட்டாகப் பப்ஸ் தயாராக இருந்தது. வேனில் ஏறி வழக்கம் போலக் குனிந்து மோந்தேன். ஒன்றும் வரவில்லை. கேஸ் இல்லாததால் வரவில்லையா, மூக்கு அடைத்ததால் வரவில்லையா என்று எனக்கே தெரியவில்லை. கருவி பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருந்தது. ஓவனும் சரியாகத்தான் இருக்கிறது, ஒருநாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டு, சரி என்று தலையாட்டினேன்.

அவர் லைட்டரை எடுக்கவில்லை. வெளியே நின்றபடியே என்னை ஏற இறங்கப் பார்த்தார். கதவு வழியாகக் கையை விட்டு அலமாரியிலிருந்து காப்பித்தூள் டப்பாவை எடுத்து, மூடியைக் கொஞ்சமாகத் திறந்து, என் மூக்குக்குக் கீழே நீட்டினார்.

"வருதா?"

"வருதுங்க" என்றேன். "நல்லா வருது."

டப்பாவைத் தன் உள்ளங்கையில் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. கழுவிக் காயவைத்த வெறும் டப்பா.

அவர் என்னைத் திட்டவில்லை. சிலிண்டர் பெட்டியிடம் போய் வால்வு மூடியிருக்கிறதா என்று கையால் இறுக்கிப் பார்த்துவிட்டு வந்தார். எங்கள் பெண் பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிடுகிற மாதிரி என்னைக் கூப்பிட்டார்.

"எறங்கு சாமி. உனக்குச் சளி உடற வரைக்கும் கடை கெடையாது."